ஹப் மோட்டார்: குடமோட்டார்

ஹப் மோட்டார் என்பது சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே அடங்கிய மின்மோட்டார். தமிழில் குடமோட்டார். மோட்டாருக்கு மின்னோடி என்ற சொல்லைப் புழங்குவோர் குடமின்னோடி எனலாம். சக்கர மோட்டார், அச்சு மோட்டார் என்றும் எழுதுகிறார்கள். முதலாவது பொத்தாம்பொதுவானது. இரண்டாவது தவறு, அதுவும் மிதிவண்டியின் முன்கவையை, அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை, முறித்துவிடக்கூடிய தவறு.

சக்கரத்தின் நடுப்பகுதிக்கு ஆங்கிலத்தின் பழைய சொல் நேவ். வடமொழி நாபியும் அதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. இரண்டும் கொப்பூழோடு தொடர்புள்ளவை. ஹப் அதற்குப் பிந்தியது. 17ஆம் நூற்றாண்டில் ஏட்டில் தலைகாட்டி, நெடுங்காலம் சக்கரம் செய்யும் தச்சர்களின் வாயிலேயே கிடந்து, 19ஆம் நூற்றாண்டில் மிதிவண்டியோடு ஊரெங்கும் பரவியது. திரள், கட்டி என்ற பொருளிலிருந்து வந்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் ஊகம்.

தமிழுக்கு இங்கே கடன் வாங்க வேண்டிய தேவையே இல்லை. சிறுபாணாற்றுப்படை தேரை வருணிக்கும்போது குறடு, ஆரம், நேமி என்று நடுப்பகுதி, ஆரங்கள், வட்டை மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. மாட்டுவண்டிக்காரர் சொல் குடம். குறடு பழமையானது, அழகானதும்கூட. ஆனால் இன்று பட்டறையில் குறடு என்றால் கையில் இடுக்கி வந்து சேரும். ஆகவே குடமே நம் தேர்வு.

மாட்டுவண்டியில் இருசு, அதாவது அச்சு, அசையாது நிற்கும். குடம் அதைச் சுற்றிச் சுழலும். கழன்று போகாமல் கடையாணி காக்கும். குடமோட்டாரின் அமைப்பும் இதேதான். சாதாரண மோட்டாரில் உடல் நின்று நடுத்தண்டு சுழலும். இங்கே நடுத்தண்டாகிய அச்சு நிற்கிறது, செம்புக்கம்பிச் சுருள்கள் அதோடு பிணைந்து நிற்கின்றன, வெளிக்கூடு சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கிறது. அச்சு மோட்டார் என்ற பெயர் சுழலாத உறுப்பைச் சுழல்வதாகக் காட்டுகிறது. அந்தப் பெயரை நம்புகிறவர் அச்சை வெறும் நட்டுப் போட்டு இறுக்கிவிட்டுப் போய்விடுவார்.

அதில் என்ன தவறு என்று கேட்டால், கூட்டை முன்னோக்கி எவ்வளவு முறுக்கோடு மோட்டார் தள்ளுகிறதோ அதே முறுக்கு அச்சைப் பின்னோக்கித் திருகும். சிறிய குடமோட்டார் ஒன்று 40 நியூட்டன்-மீட்டர் முறுக்கு தருகிறது என்று வைப்போம். அதன் அச்சு 12 மி.மீ. விட்டம், கவையின் பிளவில் உட்கார இருபுறமும் சீவி 10 மி.மீ. கனமாக்கியிருப்பார்கள். சீவிய தட்டை முகத்தின் அகலம் 6.6 மி.மீ. மட்டுமே. நட்டின் இறுக்கத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அந்தச் சிறு இடைவெளிக்குள் ஏறத்தாழ 6,000 நியூட்டன் விசை வேலை செய்கிறது. இரு பக்கப் பிளவுகளும் சமமாகப் பங்கிட்டாலும் பக்கத்துக்கு 3,000, அதாவது 300 கிலோ எடையின் அழுத்தம். வேலை செய்யும் இடமோ சில மில்லிமீட்டர் உலோக விளிம்பு. எஃகு மெல்ல விரிந்து கொடுக்கும். வார்ப்பு அலுமினியம் முன்னறிவிப்பில்லாமல் முறியும். அச்சு ஒரு சுற்றுச் சுழன்றாலே அதன் வழியே வரும் கம்பிகள் முறுக்கி அறுந்து, மோட்டாரும் சிலவேளை அதற்கு மின்சாரத்தை அளந்து தரும் கட்டுப்படுத்தியும் சேர்ந்து போகும்.

இதைத் தடுக்கும் தகட்டுக்குப் பெயர் டார்க் ஆர்ம். டார்க் என்பது முறுக்கு என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்தது. இயற்பியலில் ஜேம்ஸ் தாம்சன் 1884இல் இட்ட பெயர். முறுக்குக் கை என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அது முறுக்குகிற கை என்றாகிவிடும். அது முறுக்குவதில்லை, முறுக்கைத் தாங்குகிறது. முறுக்குத் தாங்கி என்க. ஒரு முனையில் அச்சின் தட்டை முகங்களைக் கவ்வும் துளை, மறுமுனை கவையின் தண்டோடு பிணைப்பு. இரண்டுக்கும் இடையே 100 மி.மீ. இருந்தால், முழு 40 நியூட்டன்-மீட்டரையும் மறுமுனையில் 400 நியூட்டனில் சமாளித்துவிடலாம். பட்டை இறுக்கியே போதும். மாட்டும்போது அச்சைக் கையால் பின்னோக்கித் திருகி, துளையின் ஆட்டத்தை முழுக்க எடுத்துவிட்டுப் பிறகு இறுக்க வேண்டும். ஆட்டத்தை விட்டுவைத்தால் ஒவ்வொரு கிளம்பலிலும் அச்சு சிறிது திரும்பி மோதி, நட்டைத் தளர்த்தும். பிரேக் பிடிக்கும்போது மின்னாற்றலை மீட்கும் மோட்டாரானால் அச்சு முன்னும் பின்னுமாக இரு திசையிலும் திருகப்படும். அதற்கு இரு பக்கமும் தாங்கி வேண்டும்.

இனி, இந்த மோட்டாரை ஏற்றப்போகும் வண்டி: க்ரூஸர் மிதிவண்டி. க்ரூஸர் என்பது டச்சுக்காரர்கள் கொடுத்தது. குறுக்கும் நெடுக்குமாகக் கடலில் திரிதல் என்ற வினை. வேர் சிலுவை என்ற சொல். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் கப்பலுக்கு வந்து, மிதிவண்டிக்குப் பெயராக 1970களில் கலிபோர்னியாக் கடற்கரையில் நிலைத்தது. வண்டியின் வடிவமோ அதற்கும் மூத்தது: ஷ்வின் நிறுவனம் 1933இல் கொண்டுவந்த பருத்த டயர் வண்டியின் வழிவந்தது. தமிழில் உலாவண்டி என்றால் பொருந்தும். உலா என்ற சிற்றிலக்கியத்தில் தலைவன் அவசரப்பட்டு எங்கும் போவதில்லை. அகன்ற கைப்பிடியும் நிமிர்ந்த முதுகுமாக இந்த வண்டியில் போகிறவரும் அப்படித்தான்.

உலாவண்டிக்கு மின்சாரம் ஏற்றும்போது அதன் நான்கு குணங்கள் முடிவைத் தீர்மானிக்கின்றன. முதலும் முக்கியமானதும் கோஸ்டர் பிரேக், அதாவது மிதிகட்டையைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கும் பின்மிதி பிரேக். அது பின்குடத்துக்குள் இருக்கிறது. பின்சக்கரத்தில் மோட்டாரைப் போட்டால் பிரேக் போய்விடும். தவிர, பின்கவையின் அகலம் பெரும்பாலும் 110 மி.மீ., பின் மோட்டார்கள் கேட்பது 135. மிதியச்சில் பொருத்தும் நடுமோட்டாரும் எளிதல்ல: சாதாரண நடுமோட்டாரில் பின்னோக்கி மிதித்தால் சங்கிலி திரும்பாது, ஆக பிரேக் பிடிக்காது. உலாவண்டிகள் பலவற்றில் மிதிதண்டு ஒரே துண்டாக வளைத்தது என்பது இரண்டாவது தடை. அது நுழையும் குழாயின் உள்விட்டம் 51 மி.மீ., நடுமோட்டார்கள் எதிர்பார்ப்பது ஏறத்தாழ 34. இடைவளையம் போட்டாலும் பிரேக் சிக்கல் தீராது. எனவே முன்சக்கரக் குடமோட்டார்தான் நேர்வழி. முன்கவை அகலம் 100 மி.மீ. என்பதால் விரிக்க வேண்டியதில்லை.

மோட்டார் 250 முதல் 350 வாட், உள்ளே பற்சக்கரம் உள்ள வகை, எடை மூன்று கிலோ அளவில். பற்சக்கரமில்லா வகை இதன் இருமடங்கு எடை, மின்சாரம் இல்லாதபோது இழுவையும் உண்டு. நிதானமாகப் போகும் வண்டிக்கு அது தேவையில்லை. வாங்கும்போது சக்கர அளவுக்கேற்ற சுழற்சி வேகத்தைப் பாருங்கள். 26 அங்குலப் பருத்த டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.06 மீட்டர் ஓடும். மணிக்கு 25 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 202 சுற்று. 20 அங்குலச் சக்கரத்துக்காகச் செய்த, வேகமாகச் சுழலும் மோட்டாரை இதில் போட்டால் ஏற்றத்தில் திணறிச் சூடேறும். டயரின் பக்கவாட்டில் 559 என்ற எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். 26 அங்குலம் என்ற ஒரே பெயரில் 571, 590 விட்ட ரிம்களும் உண்டு. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது.

கவை எஃகாக இருக்கட்டும். பிளவு 10 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் அரத்தால் பக்கச்சுவர்களை மட்டும், இரண்டிலும் சமமாக, தேய்க்க வேண்டும். பிளவின் மேல்வளைவைத் தொட்டால் சக்கரம் சாய்ந்து உட்காரும். பிளவைச் சுற்றிக் குழிவோ விளிம்போ இருந்தால் சாதாரண வாஷர் அதன்மேல் கோணலாக நின்று, நட்டு இறுக இறுகப் பிளவையே விரிக்கும். குழிக்குள் அடங்கும் பிறைவடிவ வாஷர் போட வேண்டும். நாக்குள்ள வாஷரின் நாக்கு பிளவுக்குள் போக வேண்டும். நட்டுக்கு 35 முதல் 40 நியூட்டன்-மீட்டர் இறுக்கம். முதல் 20 கி.மீ. ஓடியதும் மறுபடி சோதிக்க வேண்டும். கம்பி அச்சிலிருந்து வெளிவரும் வாய் கீழ்நோக்கி இருந்து, கம்பி ஒரு தொங்கலாகப் போய் மேலேறினால் மழைநீர் மோட்டாருக்குள் போகாது.

பின்மிதி பிரேக் மட்டுமே உள்ள வண்டியில் முன்பிரேக் ஒன்று சேர்ப்பது கட்டாயம். அதன் பிடியில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் இருக்க வேண்டும். மிதியுணரி, அதாவது மிதிப்பதை உணர்ந்து மோட்டாரைத் தூண்டும் காந்த வளையம், ஒரே துண்டு மிதிதண்டில் நேராக ஏறாது. இரண்டாகப் பிரித்து மாட்டும் வகை தேவை. மாட்டியபின் முன்சக்கரத்தைத் தூக்கி வைத்துப் பின்னோக்கி மிதித்துப் பாருங்கள். மோட்டார் சுழன்றால் வளையம் திசை மாறியிருக்கிறது, அல்லது உணரி திசை அறியாத மலிவு வகை. பிரேக் பிடிக்கும்போதே வண்டி முன்னே பாயும் கூட்டு அது.

மூன்றாவது தடை: நிமிர்ந்து உட்காருவதால் உடல் எடை பெரும்பாலும் பின்சக்கரத்தில்தான். முன்சக்கரம் லேசாக இருப்பதால் சரளை ஏற்றத்தில் முடுக்கியை முழுக்கத் திருகினால் சக்கரம் வழுக்கிச் சுழலும். பெரிய மோட்டார் இதைத் தீர்க்காது, கூட்டும்.

பேட்டரிக்கு மின்கலம் என்று எழுதுவது வழக்கம், ஆனால் மின்கலம் ஒன்று. பேட்டரி அவற்றின் அடுக்கு. மின்கல அடுக்கு என்றால் கணக்கும் புரியும்: 3.6 வோல்ட் கலங்கள் பத்தை வரிசையில் இணைத்தால் 36 வோல்ட், முழுதாக ஏறினால் 42. மின்னேற்றியும் 42 வோல்ட்டாகவே இருக்க வேண்டும். 48 வோல்ட் அடுக்கின் 54.6 வோல்ட் ஏற்றியை மாற்றிச் செருகுவது தீவிபத்துக்கு வழி. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 360 வாட்-மணி. காற்றைத் தள்ளிப் போகும் இந்த வண்டி, மிதித்துக்கொண்டே போனால், சமதரையில் கி.மீ.க்கு 10 முதல் 12 வாட்-மணி தின்னும், 30 கி.மீ. எதிர்பார்க்கலாம். நான்காவது தடை இங்கேதான்: வளைந்த சட்டத்தில் அடுக்கை மாட்ட நேரான குழாய் கிடையாது. பின் கேரியரின் கீழ்த்தட்டில் வைப்பதே வழி. அடுக்குக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையே 20 ஆம்பியர் உருகி ஒன்றை, அடுக்கை ஒட்டியே போடவும். தொலைவில் போட்டால் இடையிலுள்ள கம்பி நசுங்கிக் குறுக்கிணைப்பு ஆகும்போது உருகிக்குத் தெரியாது.