ஊசிமூக்கு விண்கலத்தை நம்பாதீர்கள்

விண்வெளிப் பொறியியல் மாணவர்கள் சொந்தமாக ஒரு விண்கலம் வரைந்துவந்தால், அதன் மூக்கு பெரும்பாலும் ஊசி மாதிரிதான் இருக்கும். எல்லாம் சினிமா உபயம். "கூர்மையா இருந்தாத்தானே சார் காத்தைக் கிழிச்சுட்டுப் போகும்?" என்பார்கள். போர்விமானத்துக்குச் சரி. சுற்றுப்பாதையிலிருந்து நொடிக்கு 7.8 கி.மீ. வேகத்தில் வளிமண்டலத்துக்குள் இறங்கும் கலத்துக்கு அந்த மூக்குதான் எமன்.

கலம் சூடாவது உராய்வினால் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், முன்னால் உள்ள காற்று விலக நேரமில்லாமல் அமுங்கித்தான் பெரும்பாலும் கொதிக்கிறது. மூக்கு கூராக இருந்தால் அதிர்ச்சி அலை (காற்று திடீரென அமுங்கும் மெல்லிய எல்லை) நுனியோடு ஒட்டிக்கொள்ளும், வெப்பம் கலத்தில் ஏறும். மழுங்கலாக இருந்தால் அலை சற்றுத் தள்ளி நிற்கும், வெப்பத்தின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஜூலியன் ஆலன் கண்டு சொன்னது இது. அப்பல்லோ, சோயுஸ் கலங்கள் எல்லாம் மொட்டையாக இருப்பது இதனால்தான். நுனியின் வளைவு ஆரத்தை 1 மீட்டரிலிருந்து 1 சென்டிமீட்டராகக் குறைத்தால் அங்கே வெப்பப் பாய்வு (ஒரே அளவு பரப்பில் நொடிக்கு ஏறும் வெப்பம்) 10 மடங்காகும்.

இறக்கை வைத்தால் மட்டும் விமானம் ஆகிவிடுமா? அமெரிக்க விண்வெளி ஓடம் மூக்கை சுமார் 40 டிகிரி தூக்கி, வயிற்றைக் காட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தது. கடைசிக் கட்டத்தில் ஏறக்குறைய 20 டிகிரி சரிவில் இறங்கியது. பயணிகள் விமானத்துக்கு அது 3 டிகிரி. இறங்கும்போது இயக்க எஞ்சின் கிடையாது, எனவே இன்னொரு சுற்று வந்து பார்க்கவும் வழியில்லை. 2024 ஜூனில் சித்ரதுர்காவில் இஸ்ரோவின் இறக்கை வைத்த சோதனைக் கலமான புஷ்பக் தரை தொட்டபோது வேகம் மணிக்கு 320 கி.மீ.க்கு மேல். சிறிய இறக்கைக்கு அதுதான் விலை.

சினிமாவில் கலம் ஊருக்கு மேல் சும்மா நின்றுகொண்டிருக்கும். 100 டன் கலத்தை நல்ல ரசாயன ராக்கெட் எஞ்சினால் அப்படி நிறுத்த நொடிக்கு 285 கிலோ அளவுக்கு எரிபொருளும் ஆக்சிஜனும் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு 17 டன்! ஈர்ப்பையே வெல்லும் கருவி இருப்பதாகக் கதை சொன்னால் எனக்கு ஆட்சேபமில்லை. அப்புறம் இறக்கை எதற்கு?

வரைகிறவர்கள் முதலில் எஞ்சினை வையுங்கள். கனமான எஞ்சின்கள் பின்னால் இருந்தால் ஈர்ப்பு மையமும் பின்னால் போகும், இறக்கையும் கூடவே போக வேண்டும். விண்வெளி ஓடத்தின் முக்கோண இறக்கை அவ்வளவு பின்தள்ளி இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நடுவில் அழகாக ஒட்டிய இறக்கை, மூக்கை மேலே தூக்கிக் கலத்தைக் கவிழ்த்துவிடும்.