டெஸ்ட் என்றால் சட்டி

ஒரு மென்பொருளின் திரைகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பொத்தானில் மாட்டிக்கொண்டேன். இணைப்பு வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கான ‘டெஸ்ட்’ பொத்தான். எனக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தவர் ‘இணைப்புத் தேர்வு’ என்று எழுதி வைத்திருந்தார். அகராதிப்படி தப்பில்லை. ஆனால் அதைப் பார்த்தவர்கள், எந்த இணைப்பு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இடம் போலிருக்கிறது என்று அழுத்திவிட்டு, பட்டியல் வரும் வரும் என்று காத்திருந்தார்கள்.

சரி, இந்த டெஸ்ட் எங்கிருந்துதான் வந்தது என்று தேடிப் போனால் கிடைப்பது ஒரு சட்டி.

லத்தீனில் ‘டெஸ்டும்’ என்றால் மண்சட்டி. பழைய பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, பொன்னையும் வெள்ளியையும் உருக்கிப் பார்க்கும் சிறு கிண்ணத்துக்கு அதுதான் பெயர். எலும்புச் சாம்பலை அழுத்திச் செய்த, நுண்துளைகள் நிறைந்த கிண்ணம். கலப்புள்ள வெள்ளியோடு ஈயத்தையும் சேர்த்து அதில் இட்டு, காற்றுப் படும்படி கடுமையாகச் சூடேற்றுவார்கள். ஈயம் ஆக்சிஜனோடு சேர்ந்து உருகி ஓடும் ஆக்சைடாகிவிடும். செம்பு முதலான மட்ட உலோகங்களையும் கூட்டிக்கொண்டு கிண்ணத்தின் சுவருக்குள் ஊறிப் போய்விடும். பொன்னும் வெள்ளியும் ஆக்சிஜனைச் சட்டை செய்வதில்லை. எல்லாம் அடங்கியபின் கிண்ணத்தின் அடியில் பளபளவென்று ஒரு மணி மட்டும் உட்கார்ந்திருக்கும். அதை எடை போட்டால் எவ்வளவு அசல், எவ்வளவு கலப்பு என்று தெரிந்துவிடும். 16-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு கிண்ணம் மெல்ல மறந்துபோய், சோதிக்கிற செயல் மட்டும் அந்தச் சொல்லில் தங்கிவிட்டது.

இந்தக் கதையை வைத்துப் பார்த்தால் ‘சோதனை’தான் டெஸ்டுக்கு மிக அருகில் நிற்கிற சொல். வடமொழியில் ‘சோதனம்’ என்றால் சுத்தம் செய்வது. சுத்தம், சோதனை இரண்டுக்கும் வேர் ஒன்றே. அழுக்கை நீக்கி அசலை மிச்சம் வைப்பது என்ற அதே எண்ணம். “எனக்கென்று வந்து வாய்த்த சோதனை” என்று ஒருவர் பெருமூச்சு விடும்போது அங்கே பரீட்சை எதுவும் நடக்கவில்லை. அவர் நெருப்பில் இருக்கிறார், அவ்வளவுதான். ‘சுடச்சுடரும் பொன்போல்’ என்று தொடங்கும் 267-ஆம் குறளும் இதே உலையின் முன்னால்தான் நிற்கிறது.

நெருப்பில்லாமல் பார்க்கவும் வழி உண்டு. கருங்கல்லில் பொன்னை உரசி, விழும் கோட்டின் நிறத்தை, தரம் தெரிந்த பொன்னின் கோட்டோடு ஒப்பிடுவது. அந்தக் கல் உரைகல். வள்ளுவர் வாக்கில் கட்டளைக்கல். ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவர் செய்கிற காரியமே கட்டளைக்கல் என்கிறது 505-ஆம் குறள். ‘பத்தரை மாற்று’ என்று நாம் சொல்லும் மாற்றும் பொன்னின் தரத்தைக் குறிக்கிற அளவுதான். நாணயங்களைப் பார்த்து நல்லது கெட்டது பிரிப்பதற்கு ‘நோட்டம்’ என்று பெயர். அப்படிப் பார்ப்பவர் நோட்டக்காரர். இன்று ‘நோட்டம் விடுகிறான்’ என்றால் திருடனைத்தான் நினைக்கிறோம். நல்ல சொல், பாவம், சேர்க்கை கெட்டுவிட்டது.

‘தேர்வு’ வேறு குடும்பம். தேர்தல் என்றால் ஆராய்ந்து பொறுக்கி எடுப்பது. அதனால்தான் ஓட்டுப் போடுவதும் தேர்தல், கேள்வித்தாளோடு உட்காருவதும் தேர்வு. ஆங்கிலத்தில் இதற்கு உறவு ‘ட்ரையல்’: சலித்துப் பிரிப்பது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ‘எக்ஸாம்’ தராசிலிருந்து வந்தது. லத்தீன் ‘எக்ஸாமென்’ தராசின் நடுமுள்ளைக் குறித்த சொல். ஆக, பலரில் சிலரைப் பொறுக்குகிற இடத்தில் தேர்வு, ஒரு பொருள் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்கிற இடத்தில் சோதனை. இரத்தத்துக்குப் பரிசோதனை. புது வண்டியை முதன்முதலில் ஓட்டிப் பார்ப்பதற்கு ‘வெள்ளோட்டம்’ என்று அழகான சொல் இருக்கிறது. ‘சோதனை ஓட்டம்’ என்று ஏன் சுற்றி வளைக்கிறோமோ தெரியவில்லை. டெஸ்ட் மேட்ச்சை விட்டுவிடுங்கள். ஐந்து நாள் உட்கார்ந்து பார்ப்பவர்கள்கூட அதைச் சோதனைப் போட்டி என்று சொல்வதில்லை.

அப்புறம், பெரும்பாலான நேரங்களில் டெஸ்டுக்குத் தமிழில் பெயர்ச்சொல்லே வேண்டியதில்லை. ‘பார்’ என்ற துணைவினை அந்த வேலையைச் செய்துவிடும். போட்டுப் பார், தட்டிப் பார், கேட்டுப் பார். என்ன ஆகிறது என்று அறிவதற்காகச் செய்வது என்பது அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பொத்தானில் கடைசியில் ‘இணைத்துப் பார்’ என்று எழுதினேன். அதற்குப் பிறகு யாரும் பட்டியலுக்காகக் காத்திருக்கவில்லை.

தமிழாக்கும்போது அடுத்து இடறுகிற சொல் ‘அக்யூரேட்’. இதன் லத்தீன் மூலத்துக்கு ‘அக்கறையோடு செய்யப்பட்டது’ என்று பொருள். ‘கூரா’ என்றால் அக்கறை, கவனிப்பு. பிழையில்லாதது என்ற பொருள் 17-ஆம் நூற்றாண்டில்தான் ஏறியது. நம் ‘துல்லியம்’ பிறந்த இடம் தராசு. துலா என்றால் தராசு. துல்லியம் என்றால் முதலில் ‘சமம், ஒப்பு’. உண்மையான அளவும் நாம் சொன்ன அளவும் இரண்டு தட்டிலும் சமமாக நிற்பது. இந்த ஒரு விஷயத்தில் தமிழில் வழங்கும் சொல்லே பொருளுக்குப் பொருத்தம் என்பேன். அக்கறையோடு செய்தாலும் தப்பாகலாமே.

‘பிரிசிஷன்’ வந்தால்தான் தகராறு. எடைக்கருவி ஒன்று எத்தனை முறை வைத்தாலும் 200 கிராம் கூடுதலாகவே காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிரிசிஷன் உண்டு, துல்லியம் கிடையாது. அந்த ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேர் ‘வெட்டுதல்’. சுற்றிலும் உள்ளதை நறுக்கித் தள்ளியது. ‘வெட்டு ஒன்று துண்டு இரண்டு’ என்று நாம் சொல்வதும் கிட்டத்தட்ட அந்தத் தொனிதான். அறிவியல் எழுத்தில் இதை நுட்பம் என்பவர்கள் உண்டு. தொழில்நுட்பத்தோடு குழம்புமே என்று எனக்குத் தயக்கம். அளவீடுகளைப் பற்றி எழுதும்போது ‘மாறாமை’ என்றே எழுதிவிடுவேன்.

‘குவாலிட்டி’ பிறவியிலேயே மொழிபெயர்ப்புச் சொல். ‘எப்படிப்பட்ட தன்மை’ என்பதைக் குறிக்கப் பிளேட்டோ கிரேக்கத்தில் புதிதாக ஒரு சொல் செய்தார். அதை லத்தீனுக்குக் கொண்டுவர, ‘எப்படிப்பட்ட’ என்று பொருள்படும் ‘குவாலிஸ்’ என்பதிலிருந்து ‘குவாலிடாஸ்’ என்று உருவாக்கினார் ரோமானிய எழுத்தாளர் சிசரோ. கி.மு. முதல் நூற்றாண்டின் கலைச்சொல்லாக்கம் அது. நேராகத் தமிழில் சொன்னால் தன்மை; ‘எப்பொருள் எத்தன்மைத் தாயினும்’ என்கிற குறளில் இருக்கிற அதே கேள்வி. நல்லது என்ற பொருள் பிறகு ஒட்டிக்கொண்டது. ‘தரம்’ என்பதும் அப்படியே. ‘என்ன தரம்?’ என்றால் நல்லதாகவும் இருக்கலாம், மட்டமாகவும் இருக்கலாம்; ‘தரமானது’ என்றால் நல்லது மட்டுமே.

எனக்கு உறுத்துவது ‘தரக் கட்டுப்பாடு’. விலைக் கட்டுப்பாடு என்றால் விலை ஏறாமல் பிடித்து வைப்பது. அதே கணக்கில் தரக் கட்டுப்பாடு என்றால், தரம் ஏறிவிடாமல் யாரோ பிடித்து வைத்திருப்பதுபோல இருக்கிறது. ‘கண்ட்ரோல்’ என்ற சொல்லே முதலில் அடக்குவதைக் குறிக்கவில்லை. கணக்கைச் சரிபார்க்க வைத்திருந்த மாற்று ஏட்டுச் சுருளுக்குப் பழைய பிரெஞ்சில் இருந்த பெயர் அது. ஒரு சுருளை இன்னொன்றோடு ஒப்பிட்டுத் தப்புக் கண்டுபிடிப்பார்கள். அதனால் இப்போதெல்லாம் ‘தரச் சரிபார்ப்பு’ என்றுதான் எழுதுகிறேன். இதுவரை யாரும் திருத்தவில்லை.