இரும்பின் மேல் படுத்துக்கொள்ளும் நைட்ரஜன்

“வினையூக்கி வினையில் கலந்துகொள்ளாது, வேகத்தை மட்டும் கூட்டும் என்று படித்தேன். கலந்துகொள்ளாத ஒன்று வேகத்தை எப்படிக் கூட்டும்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம்தான். அவர் படித்த வரிதான் தவறு. வினையூக்கி நன்றாகவே கலந்துகொள்கிறது. முடிவில் பழைய உருவத்தோடு வெளியே வந்துவிடுகிறது.

மூலக்கூறுகள் மோதினால் மட்டும் போதாது, கிளர்வு ஆற்றல் என்ற மேட்டைத் தாண்ட வேண்டும் என்பது பள்ளியிலேயே படித்தது. வினையூக்கி அந்த மேட்டை வெட்டிக் குறைப்பதில்லை. மேடு தாழ்ந்த வேறொரு வழியைத் திறந்துவிடுகிறது. சரி, அந்த வழியில் என்னதான் நடக்கிறது?

நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா தயாரிப்பதைப் பார்ப்போம். இதற்கு வினையூக்கி இரும்பு. நைட்ரஜனின் இரண்டு அணுக்களும் முப்பிணைப்பால் இறுகிக் கிடக்கின்றன. ஒரு மோலை உடைக்கச் சுமார் 945 கிலோஜூல் வேண்டும். வெறும் சூட்டை நம்பினால் கதை நடக்காது. இரும்பின் பரப்பில் வந்து ஒட்டும் நைட்ரஜன் மூலக்கூறு முதலில் நிமிர்ந்து நிற்கிறது. அப்புறம் மெல்லப் படுத்துக்கொள்கிறது! படுத்ததும் இரும்பின் எலக்ட்ரான்கள் அதன் எதிர்பிணைப்பு ஆர்பிட்டால்களுக்குள், அதாவது பிணைப்பைப் பலவீனப்படுத்தும் எலக்ட்ரான் இடங்களுக்குள், நுழைகின்றன. அங்கே எலக்ட்ரான் சேரச் சேரப் பிணைப்பு நீண்டு, தளர்ந்து, அறுந்துபோகிறது. அணுக்கள் தனித்தனியாக இரும்பைப் பற்றிக்கொள்கின்றன. ஏற்கெனவே பிரிந்து கிடக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து சேர, மூன்றாவது சேர்ந்ததும் அம்மோனியா கிளம்பிவிடுகிறது. காலியான இடத்துக்கு அடுத்த நைட்ரஜன் வருகிறது.

இதில் பிடியின் பதம் முக்கியம். பிடி தளர்ந்திருந்தால் நைட்ரஜன் உடையாது. மிஞ்சி இறுகினால் அணுக்கள் இடத்தை அடைத்துக்கொண்டு நகரவே நகராது.

இந்த வழியில் அம்மோனியா தயாரிக்கும் முதல் ஆலை ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில் 1913இல் ஓடத் தொடங்கிவிட்டது. இந்தப் படிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டிய ஜெர்மன் வேதியியலாளர் கெரார்ட் எர்ட்லுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2007இல். ஆலைதான் ஓடுகிறதே, ஆராய்ச்சிக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்களிடம் நிதிப் பையைக் கொடுக்கக்கூடாது என்பது என் கட்சி.

ஒரு எச்சரிக்கை. வினையூக்கி முன்வினை, பின்வினை இரண்டையுமே விரைவுபடுத்தும்; அவை இரண்டும் ஈடாகி நிற்கும் சமநிலையை அசைக்காது. ஆற்றலையும் தராது. தண்ணீரில் தூள் போட்டு எரிபொருள் ஆக்குகிறேன் என்பவரை நம்பாதீர்கள். இரும்புக்கும் இதே கட்டுப்பாடுதான். அது சுறுசுறுப்பாக வேலை செய்ய 400 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும்; அந்தச் சூடோ சமநிலையை அம்மோனியாவுக்கு எதிராகத் தள்ளுகிறது. அதை ஈடுகட்டத்தான் ஆலைகள் நூறு வளிமண்டலத்துக்கும் மேல் அழுத்தம் கொடுக்கின்றன. அப்படியும் ஒரு சுற்றில் ஏறக்குறைய 15 சதவீதம்தான் அம்மோனியாவாகிறது. மீதி வாயு திரும்பவும் இரும்புக்கே போகிறது.