இந்த வருடக் கூம்பு, போன வருட வெயில்

மாமரம் ஒரு வருடம் காய்த்துத் தள்ளுகிறது, மறு வருடம் கைவிரிக்கிறது. உரமோ கவாத்தோ காணாத காட்டு மரங்களும் இப்படித்தானா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இப்படித்தான், சொல்லப்போனால் இன்னும் மோசம்.

கனடாவின் யூக்கான் பகுதியில் வெள்ளை ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரக் காடுகள் உண்டு. அவற்றின் விதைகள் இருப்பது கூம்பு என்ற செதில் செதிலான காய்க்குள். பல வருடங்கள் கூம்பே இருக்காது, இருந்தாலும் சொற்பம். பிறகு 1998, 2005, 2010 போல ஒரு வருடம் வரும். பள்ளத்தாக்கு முழுக்க உச்சிக் கிளைகளில் கூம்புகள் அப்பிக் கிடக்கும்.

இதனால் என்ன லாபம்? கொஞ்சமாகக் காய்த்தால் அணில்களே காலி செய்துவிடும். ஒரேயடியாகக் கொட்டினால் தின்றது போக மிஞ்சும். மகரந்தம் காற்றில் வருவதால் இன்னொரு லாபமும் உண்டு. தனியாகக் காய்க்கும் மரத்துக்குத் தன் மகரந்தமே வந்து சேரும். அந்தக் கரு பெரும்பாலும் செத்துவிடும். விதை வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

சரி, காய்க்க வேண்டிய வருடம் மரத்துக்கு எப்படித் தெரியும்? தெரிய வேண்டியதே இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். முந்தைய கோடையில் உருவாகும் மொட்டு, தொடக்கத்தில் தளிராகவும் ஆகலாம், கூம்பாகவும் ஆகலாம். சில வாரங்களில் அது தீர்மானமாகிவிடும். அப்போது வெயிலும் வறட்சியும் இருந்தால் ஏராளமான மொட்டுகள் கூம்புப் பக்கம் சாயும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒரே வெயில் என்பதால் காடே சேர்ந்து சாயும். ஆனால் கூம்பான மொட்டிலிருந்து தளிர் வராது. தளிர் குறைந்தால் புதிய மொட்டுக்கு இடமும் குறையும். சேமித்த மாவுச்சத்தும் விதைக்குள் போயிருக்கும். அதனால் அடுத்த கோடையும் கொளுத்தினால்கூடப் பெரிய விளைச்சல் வராது. கோடையின் சூட்டைவிட, அதற்கு முந்தைய கோடைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசமே பல மரங்களின் விளைச்சலை நன்றாகக் கணிக்கிறது என்று நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள்.

மொட்டைச் சாய்ப்பதில் ஜிப்ரெலின் என்ற ஹார்மோனுக்குப் பங்குண்டு. ஊசியிலை மர விதைத் தோட்டங்களில் கூம்பு வரவழைக்க அதைக் கொடுக்கிறார்கள். மாவில் கதையே தலைகீழ்: ஜிப்ரெலின் பூப்பதைத் தடுக்கும். நம் விவசாயிகள் மாவின் வேர்ப்பகுதியில் ஊற்றும் பேக்லோபியூட்ரசால், ஜிப்ரெலின் உற்பத்தியை அடக்கும் மருந்து.

நல்ல வருடத்திலும் மரத்துக்கு மரம் வித்தியாசம் உண்டு. உயரமும் வெளிச்சமும் மரபணுவும் சேர்ந்து, சில மரங்களே பெரும்பகுதி விதையைத் தருகின்றன.

கூம்பு நிறைய இருந்தால் கடுங்குளிர் வரும் என்று மேலை நாடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. பாவம், மரத்திடம் இருப்பது பழைய வெயிலின் கணக்கு மட்டுமே. ஆனால் கூம்பு கொட்டப்போகும் வருடங்களில் யூக்கான் சிவப்பு அணில்கள், கூம்பு முற்றுவதற்கு முன்பே இரண்டாவது ஈடும் குட்டி போடுகின்றன! மொட்டுகளைத் தின்னும்போதே அவற்றுக்குத் துப்பு கிடைக்கிறதோ என்னவோ. இது தெரியவந்ததே 1987 முதல் அங்கே அணில்களை விடாமல் கவனித்து வருவதால்தான். மூன்று வருடத்துக்கு மட்டும் நிதி தரும் நம் வழக்கத்தில், ஒரு நல்ல கூம்பு வருடம்கூடக் கண்ணில் படாமல் திட்டம் முடிந்துவிடும்.