தண்டுவடத்தைச் சுற்றிப் போகும் சேதி

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு மூன்று வருடம் ஆகிறது. தொப்புளுக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. ஆனால் போர்வை உரசினாலே விறைப்பு வந்துவிடுகிறது. மனைவியை நினைத்தால் மட்டும் வருவதில்லை. மூளைக்கும் இடுப்புக்கும் தொடர்பே அறுந்துவிட்டது என்றார்களே, பிறகு இது எப்படி சார்?" கடைசியில் "தப்பாக நினைக்க வேண்டாம்" என்று ஒரு வரி வேறு. தப்பாக நினைக்க இதில் ஒன்றுமே இல்லை. சமீபத்தில் எனக்கு வந்த கேள்விகளில் இதுதான் அருமையான கேள்வி.

சூடான பாத்திரத்தில் பட்ட கை, மூளையைக் கேட்காமலே விலகுகிறது அல்லவா? பள்ளியில் படித்த அதே அனிச்சைச் செயல்தான் இதுவும். தண்டுவடத்தின் அடிநுனியில் ஒரு சின்னச் சுற்று இருக்கிறது. தோலில் உரசல் பட்டால் சேதி அங்கே போகும், அங்கிருந்தே பதிலும் திரும்பும். ரத்தக்குழாய்கள் தளர்ந்து, ரத்தம் நிரம்பி, விறைப்பு வந்துவிடும். நினைப்பால் வரும் விறைப்புக்கு வழி வேறு. அது மூளையில் கிளம்பி, நெஞ்சுப் பகுதி முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் இடத்தில் தண்டுவடத்தை விட்டு வெளியேறுகிறது. நம் வாசகருக்குக் காயம் இந்த இரண்டுக்கும் மேலே. அதனால் மேலிருந்து வரும் சேதி நின்றுபோனது, கீழே உள்ள சுற்று பிழைத்துக்கொண்டது. அடிநுனியே நசுங்கியவர்களுக்குக் கதை தலைகீழ்: உரசலுக்கு ஒன்றும் நடக்காது, நினைப்புக்கு ஓரளவு நடக்கலாம். 1998-ல் வந்த, வயாகரா என்ற பெயரில் பிரபலமான சில்டெனாஃபில் என்ற விறைப்பு மாத்திரை, கீழ்ச்சுற்று பிழைத்தவர்களில் பலருக்கு நன்றாகவே கைகொடுக்கிறது.

சரி, விறைப்பு வருகிறது. உணர்வு? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது.

தண்டுவடம் முழுதாகப் பழுதான பெண்கள் சிலர், யோனியின் உள்ளே ஆழத்தில் தொடுவது தெரிகிறது என்றும், உச்சம்கூட வருகிறது என்றும் சொல்லி வந்தார்கள். கம்பி அறுந்த பிறகு மணி எப்படி அடிக்கும்? வெறும் பிரமை என்று ஒதுக்குவது சுலபம். பேரி கோமிசாருக், பெவர்லி விப்பிள் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் அப்படி ஒதுக்கவில்லை. வேறு கம்பி இருக்குமோ என்று தேடினார்கள்.

அந்தக் கம்பி வேகஸ் நரம்பு. லத்தீனில் இந்தப் பெயருக்கு 'அலைந்து திரிவது' என்று பொருள். நாம் ஊர்சுற்றி நரம்பு என்றே சொல்லலாம். மூளையின் அடியில் உள்ள முகுளத்தில் கிளம்பி, கழுத்தின் பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று வீடு வீடாக எட்டிப் பார்க்கும். முதுகெலும்புக்குள் மட்டும் நுழையவே நுழையாது. குடலோடு இதன் பயணம் முடிகிறது என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லி வந்தன. எலிகளில் தடம் பிடித்துப் பார்த்தால், கருப்பை வாய் வரை போயிருந்தது.

எலியின் தண்டுவடத்தை வெட்டிவிட்டு யோனியைத் தூண்டினார்கள். கண்மணி விரிந்தது! இடுப்பில் நடப்பது தலைக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு இருபுற வேகஸ் நரம்பையும் வெட்டினார்கள். கண்மணி அசையவில்லை. இத்தனை எளிமையாக இத்தனை பெரிய விஷயத்தைக் காட்டும் சோதனைகள் அபூர்வம்.

அப்புறம் பெண்களிடம். விரலில் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எப்போது வலிக்கிறது என்று கேட்டார்கள். உள்தூண்டலின்போது வலி தாமதமாகவே தெரிந்தது, அதாவது உள்ளே நடப்பது மூளைக்கு எட்டியிருக்கிறது. கூடவே, மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. படத்தில், வேகஸ் வந்து சேரும் முகுளப் பகுதி விழித்துக்கொண்டது. சிலருக்கு அந்த இயந்திரத்துக்குள் படுத்திருக்கும்போதே உச்சமும் வந்தது. சோதனையில் பங்கேற்றவர்கள் கொஞ்சம் பேர்தான், அதை மறக்கக் கூடாது. ஆண்களுக்கு இந்தக் குறுக்குப்பாதை இவ்வளவு தெளிவாகக் காட்டப்படவும் இல்லை. ஆனால் ஆண் பெண் இருவருக்குமே காயத்தின் எல்லைக்கோட்டில், உணர்வு முடியும் இடத்துத் தோல் சில சமயம் அபாரக் கூர்மை அடைந்துவிடுகிறது. கழுத்தோரம், காதுமடல், மார்புக்காம்பு போன்ற இடங்களைத் தொடுவதிலேயே உச்சம் வரை போகிறவர்கள் உண்டு. நம் வாசகர் தொப்புளுக்கு மேலே தேடிப் பார்க்கட்டும், மனைவியையும் சேர்த்துக்கொண்டு.

ஊனம் வந்தால் ஆசை போய்விடும் என்று நினைப்பது சுத்த மூடநம்பிக்கை, படித்தவர்களிடமும் இருப்பது. 2004-ல் கிம் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர், தண்டுவடக் காயம் பட்ட 681 பேரிடம் எது முதலில் திரும்ப வேண்டும் என்று கேட்டார். கைகால் நான்கும் செயலிழந்தவர்கள் கையைக் கேட்டார்கள். கால்கள் மட்டும் செயலிழந்தவர்கள் முதலில் கேட்டது நடையை அல்ல, பாலுறவை. ஆனால் பணமும் புகைப்படமும் நடக்க வைக்கும் ரோபோ உடைகளுக்குத்தான் போகின்றன. கேட்டவர்களுக்குக் கேட்டதைக் கொடுப்பதில் என்ன கூச்சமோ.

குழந்தை விஷயமும் சொல்லிவிடுகிறேன். காயத்துக்குப் பின் சில மாதம் நின்ற மாதவிடாய் பெரும்பாலும் திரும்பிவிடும். கரு தங்கும், வேண்டாம் என்றால் கருத்தடையும் வேண்டும். ஆண்களுக்கு விந்து வெளியேறாமல் போவது சகஜம். விநாடிக்கு 100 முறை, இரண்டரை மில்லிமீட்டர் வீச்சில் அதிரும் கருவியை ஆண்குறி நுனியில் வைத்தால், கீழ்ச்சுற்று நன்றாக இருப்பவர்களில் பலருக்கு வெளியேறும்.

முதல் தடவை இதை மருத்துவர் முன்னால் செய்வதே நல்லது, காரணம் உண்டு. காயம் கழுத்திலோ நெஞ்சின் மேல்பகுதியிலோ இருந்தால், அதிர்வு, உச்சம், நிரம்பிய சிறுநீர்ப்பை எதுவானாலும் கீழுடலின் ரத்தக்குழாய்களை ஒரேயடியாக இறுக்கிவிடலாம். ரத்த அழுத்தம் எகிறும். மூளைக்கு அது தெரியும், ஆனால் "தளர்ந்துகொள்" என்ற கட்டளை தண்டுவடத்தில் இறங்காது. நம் ஊர்சுற்றி வழியாக இதயத்துடிப்பைக் குறைக்க மட்டுமே அதனால் முடியும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகத்தில் சிவப்பு, வியர்வை என்று தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். நிமிர்ந்து உட்காருங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே முதலில் சொல்ல வேண்டியது, சில்டெனாஃபில் போட்டிருந்தால் அதைத்தான். அழுத்தத்தைக் குறைக்க நைட்ரேட் மருந்து கொடுப்பார்கள், இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும்.