ரோடு அரசுடையதா, தனியாருடையதா?

நெடுஞ்சாலைப் பணிகளில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கிறேன். தாம்பரத்தில் டீ குடிக்க நின்றால்கூட இந்தப் பேச்சு வந்துவிடும்: "தனியார்கிட்ட கொடுத்தா நல்லா போடுவாங்க சார்." பக்கத்தில் இருப்பவர், "அவங்க டோல்லயே நம்மளை உரிச்சிடுவாங்க" என்பார்.

உண்மையில், அரசுப் பணத்தில் போடும் சாலையிலும் ரோலர் ஓட்டுவது தனியார் ஒப்பந்ததாரர்தான். பணம் யாருடையது, சாலை கெட்டால் நஷ்டம் யாருக்கு என்பதில்தான் வித்தியாசம். ஈ.பி.சி. என்ற ஒப்பந்த முறையில் முழுப் பணமும் அரசுடையது. பி.ஓ.டி. முறையில் கம்பெனி முதல் போட்டு, சுங்கம் வசூலித்து எடுத்துக்கொள்ளும். எதிர்பார்த்த வண்டிகள் வராமல் பல கம்பெனிகள் கடனில் விழுந்த பிறகு, 2016-இல் இந்த இரண்டும் கலந்த ஹாம் என்ற முறை வந்தது. கட்டும்போது 40 சதவீதத்தை அரசு தரும். மீதியைக் கம்பெனி போட்டு, 15 ஆண்டுகளில் தவணையாகத் திரும்பப் பெறும். அந்த 15 ஆண்டுகளும் பராமரிப்பு கம்பெனியின் வேலை. சுங்கப் பணம் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்குப் போகும்.

இந்தப் பராமரிப்புப் பொறுப்பு என்ன செய்யும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். பொறுப்புக் காலம் குறைவான ஒரு வேலையில், மண் அடுக்கைச் சரியாக இறுக்காமலே அடுத்த அடுக்கைக் கொட்டப் பார்த்தார்கள். தோண்டி எடுக்கச் சொல்லிச் சண்டை போட வேண்டியிருந்தது. நீண்ட காலப் பொறுப்பு இருந்த இன்னொரு வேலையில் கம்பெனி ஆளே வந்து, "சார், இங்க வடிகால் போதாது, மழைக்குத் தாங்காது" என்றார். சாலைக்கு முதல் எதிரி அடியில் தேங்கும் தண்ணீர். சென்னையின் நவம்பர் மழையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

ஆனால் நிலம் எடுப்பதும், மத்திய மாநில அரசுகள் ஒத்துப்போவதும் எந்தக் கம்பெனியாலும் முடியாத காரியம். துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். கூவத்தின் நீரோட்டத்தைத் தூண்கள் தடுக்கின்றன என்று 2012-இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. ஆற்றில் மொட்டைத் தூண்கள் எத்தனை வருஷம் நின்றன! 2022-இல்தான் இரண்டடுக்குப் பாலமாக மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். இழந்த காலம் துறைமுகத்துக்குப் போகும் லாரிக்காரர்களுடையது.

அதனால் உங்கள் பக்கம் புதிய சாலை வந்தால், எந்த முறை ஒப்பந்தம், பராமரிப்பு எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் பள்ளத்தைப் பார்த்தால் 1033-க்கு அழையுங்கள். பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணையும் சொல்லுங்கள். அந்தத் துண்டு யார் பொறுப்பு என்பது அதை வைத்துத்தான் தெரியும்.