டேலைட் சேவிங் டைம்: இதுல சேமிப்பு எங்க இருக்கு?

எங்க வீட்டு ஹால்ல ரெண்டு கடிகாரம் மாட்டியிருக்கும். ஒண்ணு நம்ம நேரம், இன்னொண்ணு அக்கா இருக்கற நியூஜெர்சி நேரம். வருஷத்துக்கு ரெண்டு தடவ அப்பா ஸ்டூல் போட்டு ஏறி ரெண்டாவது கடிகாரத்த மட்டும் எறக்கி, முள்ள திருப்பி, மறுபடி மாட்டுவார். ஒரு மார்ச்ல மறந்துட்டார். இங்க சாயங்காலம் அஞ்சு மணி, கடிகாரம் அங்க காலைல ஆறரைன்னு காட்டுது, அக்கா நிதானமா காபி குடிச்சிட்டிருப்பான்னு அம்மா போன் போட்டாங்க, ஆனா அங்க நிஜத்துல ஏழரை, அக்கா ஒரு கைல டிபன் பாக்ஸ் இன்னொரு கைல பையன்னு ஸ்கூல் பஸ்ஸுக்கு ஓடிட்டிருக்கா, அன்னிக்கு அம்மாவுக்கு கெடச்ச திட்டு கொஞ்ச நஞ்சமில்ல. போன வெச்சதும் அம்மா என்கிட்ட திரும்பி கேட்டாங்க, "டேலைட் சேவிங் டேலைட் சேவிங்னு சொல்றாளே, அதுல என்னத்தடா சேமிக்கறாங்க?"

பதில் சொல்ல ஆரம்பிச்சு பாதில மாட்டிக்கிட்டேன், ஏன்னா அந்த பேர்லயே கோளாறு இருக்கு.

விஷயம் இதுதான். அமெரிக்காவுலயும் கனடாவுல பெரும்பாலான எடத்துலயும் மார்ச் ரெண்டாவது ஞாயிறு அதிகாலை ரெண்டு மணி அடிச்சதும் அத மூணுன்னு வெச்சிடுவாங்க, நவம்பர் மொத ஞாயிறு அதே ரெண்டு மணிய மறுபடி ஒண்ணாக்கிடுவாங்க. ஐரோப்பாவுல மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. நியூயார்க் காலை ஒம்பது மணி மீட்டிங் குளிர்காலத்துல நமக்கு ராத்திரி ஏழரை, மத்த நாள்ல ஆறரை. மார்ச்ல ரெண்டு மூணு வாரம் நியூயார்க் மாறியிருக்கும் லண்டன் மாறியிருக்காது, ரெண்டு ஊர் கிளையண்டையும் ஒண்ணா வெச்சு சமாளிக்கற சென்னை ஐடி ஆளுங்க யாரையாவது அந்த வாரம் கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க.

நம்ம ஊர் கணக்குல சொல்லணும்னா, சில வீட்ல ஹால் கடிகாரத்த பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டா வெச்சிருப்பாங்கல்ல, ஸ்கூலுக்கு லேட்டாகாம கெளம்பணும்னு, அத ஒரு நாடே சேந்து ஒரு மணி நேரத்துக்கு பண்ணா அதுதான் டேலைட் சேவிங். சூரியன் அதே நேரத்துக்குத்தான் வருது போகுது. நாம சீக்கிரம் எந்திரிக்கறோம், எந்திரிச்சது நமக்கே தெரியாத மாதிரி முள்ள ஏமாத்தி வெச்சுக்கறோம்.

பேரு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, வழக்கமா எல்லாரும் பெஞ்சமின் பிராங்க்ளின் தலைலதான் கட்டுவாங்க. அவர் 1784ல பாரிஸ் பத்திரிகைக்கு ஒரு கிண்டல் கடிதம் எழுதினார், ஜனங்க சீக்கிரம் எந்திரிச்சா எவ்ளோ மெழுகுவர்த்தி மிச்சம்னு, அவ்ளோதான், கடிகாரத்த மாத்துங்கன்னு ஒரு எடத்துலயும் சொல்லல. மாத்தலாம்னு மொதல்ல சொன்னவங்கள்ல ஒருத்தர் நியூசிலாந்துல பூச்சி ஆராய்ச்சி பண்ண ஜார்ஜ் ஹட்சன், 1895ல. ஒரு மணி இல்ல, ரெண்டு மணி நேரம் தள்ளலாம்னார். காரணம் ரொம்ப சொந்தக் காரணம்: ஷிப்ட் முடிச்சுட்டு வந்து வெளிச்சத்துல பூச்சி புடிக்கணும். எனக்கு இந்த மொத்த கதையிலயும் புடிச்ச ஆளு இவர்தான்.

பேருக்கு காரணமானவர் இங்கிலாந்துல வீடு கட்டி விக்கற வில்லியம் வில்லெட். காலைல குதிரை சவாரி போனா ஊரே ஜன்னல் திரைய இழுத்து விட்டு தூங்குதேன்னு ஆத்திரம். 1907ல பகல் வெளிச்சம் வீணாகுதுன்னு ஒரு சின்ன புத்தகம் போட்டார், அவர் யோசனை ஏப்ரல்ல நாலு ஞாயித்துக்கிழமை இருவது இருவது நிமிஷமா மொத்தம் 80 நிமிஷம் தள்றது. இங்க அந்த "வீண்"ங்கற வார்த்தைய கவனிங்க. வீணுக்கு எதிர்ப்பதமாத்தான் "சேவிங்" வந்துச்சு, 1908ல பார்லிமென்ட்ல வந்த மசோதாவுக்கும் அதே பேர். மனுஷன் 1915ல இறந்துட்டார், அடுத்த வருஷம் ஏப்ரல் 30ஆம் தேதி முதல் உலகப்போர் நடுவுல நிலக்கரி மிச்சம் பண்ண ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் கொண்டு வந்துச்சு, மூணு வாரத்துல பிரிட்டனும் பின்னாடியே. அமெரிக்கா 1918. அங்க விவசாயிங்களுக்காக இத கொண்டு வந்தாங்கன்னு ஒரு கதை சுத்துது, நேர் எதிரா, 1919ல அத தூக்க வெச்சதே விவசாயிங்க எதிர்ப்புதான், மாடு கடிகாரம் பாத்தா பால் கறக்க விடும்?

இப்ப வார்த்தைக்கு வருவோம். "சேவ்" லத்தீன்லேர்ந்து பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்த சொல், அடிப்படை அர்த்தம் பத்திரம், காப்பாத்தறது. அப்பறம் அதுல ரெண்டு கிளை விட்டுச்சு. ஒண்ணு சேத்து வெக்கறது, பேங்க்ல போடற மாதிரி. இன்னொண்ணு வீணாக்காம மிச்சம் புடிக்கறது, பல்ப அணைச்சு கரண்ட் மிச்சம் பண்ற மாதிரி. வில்லெட் சொன்னது ரெண்டாவது. அமெரிக்காவுலயே நெறைய பேர் "டேலைட் சேவிங்ஸ்"னு ஒரு "ஸ்" சேத்துதான் சொல்லுவாங்க, சேவிங்ஸ் அக்கவுண்ட் பழக்கத்துல. சரியான வடிவம் "சேவிங்"தான்.

தமிழ்ல "பகலொளி சேமிப்பு நேரம்"னு போட்டாங்க. இதுல நாமளும் அதே குழில விழுந்துட்டோம். சேமிப்புன்னா நமக்கு உண்டியல், சீட்டு, போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக். இன்னிக்கு போட்டா நாளைக்கு எடுக்கலாம். பகல் வெளிச்சத்த அப்படி போட்டு எடுக்க முடியாது, காலைல எடுத்து சாயங்காலத்துல வெக்கறாங்க, வலது பாக்கெட்லேர்ந்து எடது பாக்கெட்டுக்கு. "பகல்மிச்ச நேரம்"னு வெச்சிருந்தாலாவது வில்லெட்டோட கருத்துக்கு நியாயமா இருந்திருக்கும். சரி, மிச்சமாவது ஆகுதான்னு பாத்தா, 2006ல இண்டியானா மாநிலம் முழுக்க இது வந்தப்போ வீட்டு கரண்ட் செலவ கணக்கெடுத்தாங்க, சுமார் 1 சதவீதம் கூடித்தான் இருந்துச்சு. லைட் போடறது கொறஞ்சுது, சாயங்காலம் வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து ஏசிய போட்டுட்டாங்க.

இன்னொரு பேர் "கோடை நேரம்". பிரிட்டன் 1916 சட்டத்துல "சேவிங்"க தூக்கிட்டு "சம்மர் டைம்"னுதான் வெச்சுது, ஜெர்மன்லயும் பிரெஞ்சுலயும் அந்த அர்த்தத்துலதான் பேரு. தமிழ் செய்திலயும் சில சமயம் இத பாக்கலாம், சேமிப்ப விட எவ்ளவோ மேல். ஆனா நம்ம கோடை வேற. பழந்தமிழ்ல கோடைன்னா மேக்கேர்ந்து வீசற அனல் காத்துக்கே பேரு, இன்னிக்கு சொன்னா கத்திரி வெயில், நுங்கு. டொரன்டோவுல மார்ச் ரெண்டாவது வாரம் பனி வாரிட்டு நிக்கறவங்ககிட்ட கோடை நேரம் வந்தாச்சுன்னா சிரிப்பாங்க. அந்த ஊர் இலங்கைத் தமிழர் பேச்சுல "நேரம் மாறுது, ஒரு மணித்தியாலம் முன்னுக்கு"ன்னு போயிடும், பேரே தேவைப்படல.

இந்த பேர் சண்டை எங்க பெருசாகுதுன்னா, "இத நிரந்தரமாக்கு"ங்கற எடத்துல. வருஷத்துக்கு ரெண்டு தடவ மாத்தறது எரிச்சல், நிறுத்துங்கப்பான்னு கேட்டா ரொம்ப பேரு கை தூக்குவாங்க. எந்த பக்கம் நிறுத்தறதுன்னு கேட்டாத்தான் ரகளை. கூட்டினது கூட்டினபடியே இருக்கட்டும்னு ஒரு கூட்டம், கடைக்காரங்க, கோல்ப் மைதானக்காரங்க, சாயங்காலம் வெளிச்சம் இருந்தா ஜனம் வெளிய வரும். கூட்டறதே வேணாம், சூரியன ஒட்டின ஸ்டாண்டர்ட் டைமே போதும்னு இன்னொரு கூட்டம், தூக்க மருத்துவருங்க, அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி 2020லயே இப்படித்தான் சொல்லிடுச்சு, காலை வெளிச்சம்தான் உடம்பு கடிகாரத்துக்கு சாவி கொடுக்குதுன்னு. ஆனா "சேவிங்"னு பேர் வெச்சா வேணாம்னு யார் சொல்லுவா? வருஷம் முழுக்க கூட்டியே வெச்சுக்க அமெரிக்காவுல வந்த மசோதாவுக்கும் "சூரிய ஒளி பாதுகாப்புச் சட்டம்"னு பேர் வெச்சாங்க, என்னமோ அத யாரோ திருடிட்டு போற மாதிரி. 2022 மார்ச் 15ல அமெரிக்க செனட்ல ஒரு எதிர்ப்புக் குரல் கூட இல்லாம நிறைவேறுச்சு, கீழ்சபை அத எடுக்கவே இல்ல. ட்ரம்ப் 2024 டிசம்பர்ல டேலைட் சேவிங்கையே ஒழிக்கணும்னார், 2025 மார்ச்ல இது ஐம்பதுக்கு ஐம்பது விஷயம்னு நழுவிட்டார். இதுல இன்னொரு கூத்து, அங்க ஒரு மாநிலம் கூட்டாமலே இருக்க சட்டம் விடுது, ஹவாய் அப்படித்தான், அரிசோனாவும் நவஹோ பழங்குடிங்க நிலம் தவிர அப்படித்தான், ஆனா வருஷம் முழுக்க கூட்டியே வெச்சுக்க விடாது. பிளோரிடா 2018ல சட்டம் போட்டுட்டு இன்னும் காத்திருக்கு. ஐரோப்பிய பார்லிமென்ட் 2019ல 410க்கு 192ன்னு மாத்தறத ஒழிக்க ஓட்டு போட்டுச்சு, எந்த நேரத்துல நிக்கறதுன்னு நாடுங்க ஒத்து வரல, அப்படியே கெடக்கு.

வருஷம் முழுக்க கூட்டி வெக்கறத அமெரிக்கா ஏற்கனவே பண்ணியும் பாத்துடுச்சு. எண்ணெய் நெருக்கடியப்போ அதிபர் நிக்சன் காலத்துல, 1974 ஜனவரி 6லேர்ந்து வருஷம் முழுக்க கூட்டின நேரம். நியூயார்க்ல ஜனவரில விடியறது 7:20, கூட்டினா 8:20, டெட்ராய்ட்ல ஒம்பது. கும்மிருட்டுல டார்ச் அடிச்சுட்டு பசங்க ஸ்கூல் பஸ்ஸுக்கு நின்னுச்சு, பிளோரிடாவுல வண்டி மோதி பசங்க செத்தாங்க. ஆரம்பிக்கும்போது 79 சதவீதம் பேர் ஆதரவு, பிப்ரவரில அது 42. அக்டோபர்ல வாபஸ். ரஷ்யாவும் 2011ல இதே மாதிரி கூட்டி நிறுத்திட்டு, காலை இருட்டு தாங்காம 2014ல திரும்ப கழிச்சுது.

தமிழ் பேசற எடத்துலயும் இது நடந்திருக்கு. இலங்கைல 1996ல மழை பொய்ச்சு அணைல தண்ணி இல்ல, கரண்ட் தட்டுப்பாடு, மே மாசம் கடிகாரத்த ஒரு மணி கூட்டினாங்க, அக்டோபர்ல அரை மணி கழிச்சாங்க, மிச்ச அரை மணி 2006 ஏப்ரல் வரைக்கும் அப்படியே நின்னுச்சு, பத்து வருஷம். புலிகள் கட்டுப்பாட்டுல இருந்த எடத்துல இத ஏத்துக்கல, அங்க பழைய நேரம்தான். சமாதான காலத்துல யாழ்ப்பாணம் போற ஏ9 ரோட்டுல ஓமந்தை தாண்டி வன்னிக்குள்ள போனா மணிக்கூட்ட அரை மணி பின்னுக்கு வைக்கணும், முகமாலை தாண்டி யாழ்ப்பாணத்துக்குள்ள போனா மறுபடி முன்னுக்கு. ஒரே ரோடு, ஒரே சூரியன்.

அதவிட பழசு மலாயா. 1933 ஜனவரி 1ல அங்க இருவது நிமிஷம் கூட்டினாங்க, சீசனுக்கு இல்ல, வருஷம் முழுக்க. அப்பறம் 1941ல இன்னொரு பத்து நிமிஷம், ஜப்பான்காரன் வந்தப்போ டோக்கியோ நேரம், கடைசில 1982ல மலேசியாவும் சிங்கப்பூரும் சேந்து இன்னொரு அரை மணி. சூரியக் கணக்குல சிங்கப்பூர் நம்மள விட சுமார் ஒண்ணரை மணிதான் முன்னாடி இருக்கணும், கடிகாரத்துல ரெண்டரை. அதனாலதான் நம்மாளுங்க மொத தடவ போயிட்டு "என்னங்க ஏழு மணி வரைக்கும் விடியவே மாட்டேங்குது"ன்னு வந்து சொல்றாங்க. சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்ல போய் இது டேலைட் சேவிங் டைமான்னு கேட்டுப் பாருங்க, உங்கள ஒரு மாதிரி பாப்பாங்க. அங்க அது வெறும் நேரம். ஏத்தி எறக்கறது நின்னதும் அந்த பேருக்கு வேலை போயிடுச்சு. அந்த ஃபாஸ்ட் கடிகாரம் மாதிரிதான், எப்பவுமே பத்து நிமிஷம் கூடன்னா வீட்ல எல்லாரும் மனசுக்குள்ள கழிச்சுக்க கத்துக்குவாங்க.

அப்ப நல்ல தமிழ்ச்சொல் எது? என்ன நடக்குதோ அத சொன்னா போதும், கூட்டறாங்க. "முன்கூட்டிய நேரம்"னு வெச்சா எனக்கு சரியா படுது, முன்கூட்டியேங்கற அர்த்தமும் இருக்கு கூட்டின கணக்கும் இருக்கு, சேமிப்புங்கற ஆசை வார்த்தை இல்ல. ஸ்டாண்டர்ட் டைமுக்கு "சீர் நேரம்" ஏற்கனவே புழக்கத்துல இருக்கு, இந்திய சீர் நேரம்னு சொல்றோம்ல. மணி மாத்தற செயலுக்கு "மணிக்கூட்டல்"னு யோசிச்சேன், ஆனா யாழ்ப்பாணத்துல மணிக்கூடுன்னாலே கடிகாரம், கொழப்பும், விட்டுட்டேன். "நிரந்தர முன்கூட்டிய நேரம் வேணுமா, நிரந்தர சீர் நேரம் வேணுமா"ன்னு கேட்டா கேள்வி நேரா இருக்கு, எவனும் வெயில பாதுகாக்கறதா படம் காட்ட முடியாது.

இந்த "கூட்டு" என் சொந்த சரக்கு இல்ல. போன மார்ச்ல அப்பா ஸ்டூல்லேர்ந்து எறங்கும்போது சமையல்கட்டுப் பக்கம் பாத்து குரல் குடுத்தார், "ஏய், உன் பொண்ணு ஊர்ல கூட்டியாச்சு." அம்மா உள்ளேர்ந்து, "நவம்பர்ல கழிக்க மறக்காதீங்க."